கடற்கரைக் கோட்டைகள் ஏன் நிலத்தைப் பார்த்து நின்றன?

இலங்கையின் காலி நகரில் டெஸ்ட் மேட்ச் நடக்கும்போது டிவியில் கவனித்திருப்பீர்கள். மைதானத்தின் ஒரு பக்கம் முழுக்கப் பழைய கல் மதில், அதன்மேல் ஒரு மணிக்கூண்டு, மதில்மேல் உட்கார்ந்து டிக்கெட் வாங்காமல் ஆட்டம் பார்க்கும் கூட்டம். கிரிக்கெட் மைதானங்களில் இவ்வளவு அழகான இடம் குறைவு. அந்த மைதானமும் கோட்டையின் ஒரு பாகம்தான் என்பது பலருக்குத் தெரியாது. மதிலுக்கு எதிரே ஒரு மரமோ குடிசையோ மண்மேடோ இருக்கக் கூடாது, வருகிறவன் ஒளிய இடமே இருக்கக் கூடாது என்று வெட்டவெளியாக விட்டுவைத்த நிலம் அது. போர்க்காலம் முடிந்த பிறகு முதலில் குதிரைப் பந்தயத்துக்கும் அப்புறம் கிரிக்கெட்டுக்கும் கிடைத்தது.

இந்த ஒரு வெளியைப் புரிந்துகொண்டால், 16-ஆம் நூற்றாண்டிலிருந்து 18-ஆம் நூற்றாண்டு வரை ஆசியக் கடற்கரைகளில் ஐரோப்பியர் கட்டிய துறைமுகக் கோட்டைகளில் பாதியைப் புரிந்துகொண்ட மாதிரி. காலிக் கோட்டை கடலுக்குள் நீண்ட ஒரு பாறை முனையில் இருக்கிறது. மூன்று பக்கம் தண்ணீர், வடக்கே மட்டும் நிலம். அந்த வடக்குப் பக்கத்தில்தான் சூரியன், சந்திரன், நட்சத்திரம் என்று டச்சுக்காரர்கள் பெயர் வைத்த மூன்று பெரிய கொத்தளங்கள், அதாவது மதிலிலிருந்து வெளியே நீண்ட பீரங்கி மேடைகள், வரிசையாக நிற்கின்றன. மொத்தம் 14 கொத்தளங்கள் உண்டு, ஆனால் கனமெல்லாம் இந்தப் பக்கம்தான். அவர்களுக்கு முன்னால் 1588-ல் கோட்டை கட்டிய போர்ச்சுக்கீசியரும் முதலில் பலப்படுத்தியது இந்த நிலப்பக்கத்தைத்தான். கடல் பக்கத்தைப் பாறையும் அலையும் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். கப்பலில் வந்து, கப்பலால் பிழைத்து, கப்பலுக்காகவே கோட்டை கட்டியவர்கள் எதற்காக நிலத்தைப் பார்த்து இவ்வளவு பயந்தார்கள்?

அதற்குப் பதில் சொல்லும் முன் பீரங்கி மதிலை என்ன செய்தது என்று பார்த்துவிடலாம். 1494-ல் பிரான்ஸ் மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் படையோடு நுழைந்தபோது, சக்கரம் பூட்டி இழுத்துப்போகக்கூடிய வெண்கலப் பீரங்கிகளும் இரும்புக் குண்டுகளும் கொண்டுபோனார். மாதக்கணக்கில் முற்றுகை தாங்கிய மதில்கள் சில நாட்களிலேயே சரிந்தன. அதுவரை மதில் எவ்வளவு உயரமோ அவ்வளவு பாதுகாப்பு. பீரங்கி வந்த பிறகு உயரமான மதில் நல்ல குறியாகிவிட்டது. இத்தாலியப் பொறியாளர்கள் அடுத்த சில பத்தாண்டுகளில் எல்லாவற்றையும் மாற்றினார்கள். மதிலைத் தாழ்த்தித் தடிமனாக்கி உள்ளே மண்ணை அடைத்தார்கள், முன்னால் அகலமான அகழி தோண்டினார்கள், அகழிக்கு அப்பால் தரையை மெல்லச் சரிந்து இறங்கும்படி மண்போட்டு நிரவினார்கள். தூரத்திலிருந்து பார்க்கிற எதிரிக்கு அந்தச் சரிவுதான் தெரியும், மதிலின் தலை மட்டும் கொஞ்சம் எட்டிப்பார்க்கும். அவன் சுடும் குண்டு மண்ணில் புதையும் அல்லது தலைக்குமேல் போய்விடும்.

மூலைகளில் இருந்த வட்ட கோபுரங்களும் போயின. வட்ட கோபுரத்தின் அடிவாரத்தில், மதில்மேல் நிற்கிற யாருக்கும் தெரியாத ஒரு துண்டு இடம் எப்போதும் இருக்கும். எதிரி அங்கே வந்து ஒண்டிக்கொண்டு அஸ்திவாரத்தைக் குடைந்து வெடிமருந்து வைத்துவிடலாம். அதனால் கோபுரத்தை அம்புமுனை மாதிரிக் கூர்மையாக வெளியே நீட்டினார்கள். ஒரு கொத்தளத்தின் முகத்தை அதற்குப் பக்கத்துக் கொத்தளத்தின் விலாவில் இருக்கும் பீரங்கிகள் முழுசாகப் பார்க்கும்; தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒருவர் வாசலை இன்னொருவர் பார்த்துக்கொள்வது போல. தன்னைத் தானே காக்க முடியாத கொத்தளம், பக்கத்துக் கொத்தளத்தால் காக்கப்படும். மேலிருந்து பார்த்தால் இந்தக் கோட்டைகள் நட்சத்திரமாகத் தெரிவது அழகுக்காக வந்ததில்லை. சுடும் கோடுகளை வரைந்து பார்த்தால் அந்த வடிவம் தானாக வந்து நிற்கும்.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கெட்டியான கல்தான் நல்லது என்று நினைக்கத் தோன்றும். குண்டு பட்டால் கெட்டியான கல் சிதறி, அந்தச் சில்லுகளே உள்ளே இருப்பவர்களைக் கொல்லும். புளோரிடாவில் ஸ்பானியர்கள் செயின்ட் அகஸ்டினில் 1672-ல் தொடங்கிக் கட்டிய கோட்டை கிளிஞ்சல்கள் இறுகி உண்டான மென்மையான கல்லால் ஆனது. 1702 முற்றுகையில் குண்டுகள் அதில் பதிந்து நின்றனவே தவிர மதில் உடையவில்லை. நம் கடற்கரைகளில் கிடைத்தது செங்கல், சுண்ணாம்பு, யாழ்ப்பாணத்தில் பவளப்பாறைக் கல். கிடைத்ததை வைத்துக் கட்டினார்கள்.

சரி, நிலத்துக்கு வருவோம். பாய்மரக் கப்பல் ஒரு கோட்டையோடு நேருக்கு நேர் மோதினால் பொதுவாகத் தோற்பது கப்பல்தான். கப்பல் ஆடும், குறி தவறும். கோட்டைப் பீரங்கி ஆடாமல் நிற்கும், நெருப்பில் காய்ச்சிய ஒரே ஒரு குண்டு மரக்கப்பலை எரித்துவிடும். அதனால் கடல்வழியாக வந்த படையும் கோட்டைக்குக் கொஞ்சம் தள்ளி ஏதாவது ஒரு கடற்கரையில் இறங்கி, பீரங்கியை இழுத்துக்கொண்டு சுற்றிவந்து நிலப்பக்கத்திலிருந்துதான் தாக்கும். 1640-ல் வில்லெம் கோஸ்டர் தலைமையில் 12 கப்பல்களில் வந்த டச்சுப்படை காலியை அப்படித்தான் பிடித்தது. பக்கத்தில் கரையிறங்கி, நிலப்பக்க மதிலை உடைத்து, மார்ச் 13 அன்று உள்ளே நுழைந்தார்கள். நுழைந்தவர்கள் அந்தப் பாடத்தை மறக்கவில்லை. தாங்கள் எந்தப் பக்கம் வந்தோமோ அந்தப் பக்கத்தையே மலை மாதிரி எழுப்பினார்கள்.

இதைவிடத் தெளிவான உதாரணம் உலகின் இன்னொரு மூலையில் இருக்கிறது, அதற்கும் சென்னைக்கும் நேரடித் தொடர்பு வேறு உண்டு. கனடாவின் கேப் பிரெட்டன் தீவில் பிரெஞ்சுக்காரர்கள் லூயிபூர்க் என்ற துறைமுக நகரத்துக்குப் பெரும் செலவில் மதில் எழுப்பியிருந்தார்கள். துறைமுகத்தைக் காக்கப் பெரிய பீரங்கி மேடைகள் வைத்தார்கள். 1745-ல் நியூ இங்கிலாந்திலிருந்து வந்த படை தள்ளிப்போய் இறங்கி நிலவழியாக வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கைவிட்டுப்போன பெரிய துறைமுக பீரங்கி மேடையைப் பிடித்து, அதே பீரங்கிகளை நகரத்தின் பக்கம் திருப்பியது. ஊர் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1746 செப்டம்பரில், லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுப்படை சென்னைக்குத் தெற்கே கரையிறங்கி, நிலத்தில் பீரங்கி மேடை அமைத்துச் சுட்டது. சில நாட்களில் புனித ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. 1748 ஒப்பந்தத்தில் லூயிபூர்க் பிரான்ஸுக்கும் சென்னை இங்கிலாந்துக்கும் திரும்பக் கொடுக்கப்பட்டன. நிலப்பக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் விழுந்த இரண்டு துறைமுகக் கோட்டைகள் ஒரே காகிதத்தில் கைமாறின.

சென்னை விழுந்த காரணத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் கோட்டைக்கு வெளியே இருந்தவர்கள். 1639-ல் தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1640-ல் கோட்டை வேலையைத் தொடங்கிய ஆங்கிலேயர் தேர்ந்தெடுத்த இடத்தில் துறைமுகமே கிடையாது. மணல் கரை, ஓயாத அலை. கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட, கயிற்றால் பலகைகளைத் தைத்த மசுலா படகுகளில்தான் ஆளும் சரக்கும் கரைக்கு வரும். இந்த அலை ஒரு வகையில் காவலும் கூட. எதிரியும் கோட்டை வாசலில் வந்து எளிதாக இறங்கிவிட முடியாது. ஆனால் துணி வியாபாரம் பெருகப் பெருக, வியாபாரிகளும் நெசவாளர்களும் துபாஷிகள் என்ற மொழிபெயர்ப்பாளர்களும் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியே குடியேறினார்கள். கிழக்கிந்தியக் கம்பெனியே அவர்களை அழைத்தது. அதுதான் பழைய கறுப்பர் நகரம். கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் நகரத்தின் மதிலுக்கும் அந்த வீடுகளுக்கும் இடைவெளி மிகக் குறைவு. வியாபாரத்துக்கு அது வசதி. முற்றுகை வந்தால் ஒவ்வொரு வீடும் எதிரிக்கு ஒரு மறைவிடம், ஒவ்வொரு மாடியும் அவன் துப்பாக்கிக்கு ஒரு மேடை.

கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பார்த்த உடனே வேலையைத் தொடங்கினார்கள். வடக்கு மதிலை ஒட்டிய வீடுகளை இடித்து, அந்த இடிபாடுகளைக் கொண்டே மதிலுக்கு வெளியே சரிவு போட்டார்கள். 1749-ல் திரும்பி வந்த ஆங்கிலேயர் அதை நிறுத்தவில்லை, முடித்துவைத்தார்கள். 1750-ல் கம்பெனி தன் தலைமைப் பொறியாளராக பெஞ்சமின் ராபின்ஸை அனுப்பியது. துப்பாக்கிக் குண்டின் வேகத்தை ஊசல் வைத்து அளந்துகாட்டிய கணித மேதை அவர். மறு வருடமே கடலூர் பக்கம் புனித டேவிட் கோட்டையில் இறந்துபோனார். ஆனால் வேலை அவருக்குப் பிறகும் ஓடியது. மேற்கு மதிலை ஒட்டி ஓடிய ஆற்றைத் தள்ளித் திருப்பிவிட்டு, பழைய படுகையை நிரப்பிக் கோட்டையை அந்தப் பக்கம் விரித்தார்கள். இன்று அரசுப் பொது மருத்துவமனை இருக்கும் பக்கம் நரிமேடு என்றொரு மேடு இருந்தது. எதிரி ஏறி நின்று பீரங்கி வைக்கக்கூடும் என்று அதையும் வெட்டிக் குறைத்தார்கள். நிலத்தைப் பார்த்த பக்கம் கோணம் கோணமாகக் கொத்தளங்களும் அகழியும், அகழிக்கு நடுவே முக்கோணத் திட்டுகளும் வந்தன. கடலைப் பார்த்த கிழக்குப் பக்கம் ஏறக்குறைய நேர்கோடாகவே இருந்துவிட்டது. இன்று நாம் பார்க்கும் உருவம் 1780-களில்தான் முழுமையானது.

கறுப்பர் நகரத்தில் எஞ்சியிருந்ததும் 1757 வாக்கில் தரைமட்டமானது. வீடுகளோடு சென்னகேசவப் பெருமாள் கோவிலும் போனது. ஊரின் பெயரோடு கலந்த கோவில், பட்டணத்து வியாபாரிகளின் பெரிய கோவில் அது. மக்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் போனார்கள். அந்தப் பேட்டைகள் புதிய கறுப்பர் நகரமாகி, பின்னாளில் ஜார்ஜ் டவுன் ஆயின. கோவிலுக்குக் கம்பெனி மாற்று நிலம் கொடுத்தது. ஆளுநர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் முன்னின்று பணம் திரட்ட, பூக்கடைப் பக்கம் சென்னகேசவர், சென்னமல்லீஸ்வரர் இரட்டைக் கோவில்களாக அது எழுந்தது. பட்டணம் கோவில் என்று இன்றும் சொல்கிறார்கள். கோட்டை வரலாறு எழுதுகிறவர்கள் பொறியாளர்களின் பெயரை நுணுக்கமாகக் குறித்துவைக்கிறார்கள், மதில் தடிமனை அளக்கிறார்கள், ஆனால் அந்த மதில் வேலை செய்வதற்காக ஒரு முழு ஊரே எழுந்து போனதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறையாகத் தெரிகிறது. அந்த வெளியும் கோட்டைக் கட்டுமானம்தான், மதிலைப் போலவே அதற்கும் உழைப்பும் இழப்பும் ஆகியிருக்கிறது.

இறந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை. 1758 டிசம்பரில் லாலி தலைமையில் பிரெஞ்சுப்படை மறுபடி முற்றுகை போட்டபோது, வெட்டவெளியில் இருந்த ஆங்கிலேயரின் பழைய இடுகாட்டில் உயரமாகக் கட்டியிருந்த கல்லறைகள் அவர்களுக்கு நல்ல மறைவிடமாகின. முற்றுகை முடிந்ததும் அவற்றை இடித்து, பெயர் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்தைச் சுற்றித் தரையில் பதித்தார்கள். இன்றும் அவற்றின்மேல் நடந்துதான் தேவாலயத்துக்குள் போக வேண்டும். எஞ்சிய இரண்டொரு கல்லறை, பழைய சட்டக்கல்லூரி வளாகத்தில் நிற்கிறது. கல்லூரி பிற்காலத்தில் வந்தது, அது எழுந்த இடம் பழைய இடுகாடு.

அந்த முற்றுகை முடிந்த விதம் நம் கேள்விக்கு மறுபாதி விடை. இரண்டு மாதம் நிலத்தைப் பார்த்த மதில் தாங்கியது. 1759 பிப்ரவரி நடுவில் பிரிட்டிஷ் கப்பல்கள் கடலில் தென்பட்டன, லாலி முற்றுகையைக் கலைத்துக்கொண்டு போய்விட்டார். கடல்தான் இந்தக் கோட்டைகளின் பின்வாசல். சோறும் வெடிமருந்தும் ஆட்களும் அந்த வழியாக வரும். முன்வாசலுக்குத்தான் கனமான கதவு வேண்டும். பின்வாசலை எதிரியின் கப்பல்கள் அடைத்துவிட்டால் எவ்வளவு பெரிய கொத்தளமும் நாளை எண்ண வேண்டியதுதான். 1658-ல் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த போர்ச்சுக்கீசியருக்கு நடந்தது அதுதான்: கடல் டச்சுக்காரர் கையில், மூன்று மாதம் போல முற்றுகை, ஜூனில் சரண்.

யாழ்ப்பாணத்தைப் பார்க்காமல் இந்தப் பேச்சு முடியாது. போர்ச்சுக்கீசியரின் சதுரக் கோட்டையை எடுத்துவிட்டு டச்சுக்காரர்கள் ஒழுங்கான ஐங்கோணமாகக் கட்டினார்கள். உள்கோட்டை 1680 வாக்கில் முடிந்தது, வெளிச்சுற்று வேலைகள் 1792-ல். ஆசியாவில் டச்சுக் கோட்டைக்கலையின் மிக நேர்த்தியான உருவங்களில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்லலாம். அவ்வளவு பாடுபட்டு முடித்த கோட்டை மூன்றே வருடத்தில், 1795-ல், ஒரு குண்டும் சுடாமல் ஆங்கிலேயரிடம் போனது. அதைச் சுற்றி விட்ட வெளிக்கு யாழ்ப்பாணத்தார் வைத்த பெயர் முற்றவெளி. துரையப்பா விளையாட்டரங்கு அங்கேதான், பொதுக்கூட்டங்கள் அங்கேதான், 1974 உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் கடைசி நாளில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னமும் அங்கேதான்.

1990-ல் அந்த வெளி மறுபடி தன் பழைய வேலைக்குத் திரும்பியது. ஜூனிலிருந்து கோட்டைக்குள் இலங்கை ராணுவம், சுற்றிலும் நிலப்பக்கத்தில் புலிகளின் முற்றுகை. செப்டம்பரில் மண்டைதீவிலிருந்து கடல்நீரேரியைக் கடந்து வந்த படை உள்ளே இருந்தவர்களை மீட்டது. அந்த மாதக் கடைசியில் கோட்டையை ராணுவம் கைவிட்டது. நிலப்பக்கம் முற்றுகை, தண்ணீர்ப்பக்கம் மீட்பு. 17-ஆம் நூற்றாண்டுப் பொறியாளர் போட்ட கணக்கு, விமானமும் மோர்ட்டாரும் இருந்த காலத்திலும் அப்படியே நடந்தது. 1706-ல் கட்டிய டச்சுத் தேவாலயம் அந்தப் போரில் இடிந்து போனது. பவளக்கல் மதிலை இப்போது பகுதி பகுதியாகச் சரிசெய்திருக்கிறார்கள், தேவாலயம் இருந்த இடத்தில் இடிபாடுகள்தான்.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான், சட்டென்று சொல்லிவிடுகிறேன். கொழும்பின் காலிமுகத்திடல் டச்சுக் கோட்டைப் பீரங்கிகளுக்காக விட்ட வெளி. கல்கத்தாவில் 1756-ல் பழைய கோட்டை விழுந்த பிறகு, 1758-ல் புதுக் கோட்டை தொடங்கினார்கள், சென்னையில் வேலை பார்த்த புரோஹியர் என்ற பொறியாளரை வைத்தே. அதற்காகக் கோவிந்தபூர் கிராமம் அகற்றப்பட்டது, இன்றைய மைதான் அப்படி வந்தது. பம்பாயில் ஓவல், ஆசாத், கிராஸ் மைதானங்கள் எல்லாம் ஒரே வெளியின் துண்டுகள், மதில்களை 1860-களில் இடித்துவிட்டார்கள். புதுச்சேரிக் கோட்டையை 1761-ல் ஆங்கிலேயர் தகர்த்தாலும், நகர மதில் ஓடிய தடத்தை இன்றைய புல்வார் சாலையின் நீள்வட்டத்தில் பார்க்கலாம். நம் பெருநகரங்களில் மூச்சுவிட இடம் எங்கே மிச்சம் இருக்கிறதோ, அங்கே பெரும்பாலும் ஒரு பீரங்கியின் பார்வை இருந்திருக்கிறது.

சென்னையில் அந்த வெளிக்கு எல்லை காட்டத் தூண்களே நட்டார்கள், இதைத் தாண்டிக் கோட்டைப் பக்கம் கட்டடம் கூடாது என்று. ஆறு தூண்களில் ஒன்று மட்டும் பாரிமுனையில் டேர் ஹவுஸ் ஓரமாக இன்னும் இருக்கிறது. புதிய கறுப்பர் நகரத்துக்கு வடக்கிலும் மேற்கிலும் தனி மதில் வந்தது, ஹைதர் அலியின் குதிரைப்படை பரங்கிமலை வரை வந்து போனது அதன் அவசரத்தைக் கூட்டியது. அந்த மதிலுக்கு மக்களிடம் வரி போட நினைத்தார்கள், வசூலிக்க முடியவில்லை; வால்டாக்ஸ் ரோடு என்ற பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. மதிலின் ஒரு துண்டு பழைய ஜெயில் ரோடு பக்கம் மாடிப் பூங்காவாக இருக்கிறது.

பொறியாளர்கள் கணக்கில் எடுக்காத ஒன்று கடற்கரை நகரும் என்பது. தரங்கம்பாடியில் 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே அங்கேயும் அணிவகுப்பு வெளி, ஊரைச் சுற்றி மதில், நிலப்பக்கத்தில் 1792-ல் புதுப்பித்த பெரிய வாசல். நிலவாசல் இன்றும் கம்பீரமாக இருக்கிறது, கடல் பக்கத்தைத்தான் அலை தின்றுவிட்டது. 1306-ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதி கடலுக்குள் போய்விட்டது. சென்னையில் நேர்மாறு. 1870-களில் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தேங்கி மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் அரிக்க ஆரம்பித்தது. கோட்டையின் கடல்வாசலில் ஒரு காலத்தில் அலை வந்து மோதியிருக்கிறது, இன்று அதன் எதிரே ஓடுவது சாலை.

கடைசியில் கடல் பக்கமிருந்து தாக்குதலும் வந்தது, அதுவும் இந்தக் கோட்டைகளின் காலமெல்லாம் முடிந்த பிறகு. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைக் கரைக்கு வந்து, அரை மணி நேரத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, சிலர் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். நிலத்தைப் பார்த்து நின்ற கொத்தளங்களுக்கு அன்று செய்ய ஒன்றுமில்லை. கரையோரப் பீரங்கிகள் சுட்ட சில குண்டுகளும் கப்பலைத் தொடவில்லை. எம்டனின் குண்டுகளில் ஒன்று விழுந்த இடத்தை உயர் நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு கல்வெட்டு குறிக்கிறது. பழைய கறுப்பர் நகரத்தை இடித்து உண்டாக்கிய அதே வெளியில் 1892-ல் எழுந்த கட்டடம் அது.